பின்காற்றுப் பாய்: எத்தனை சதுர மீட்டர் வேணுமுங்க?

கொங்கு நாட்டுக்குக் கடல் இல்லை. ஆனாலும் கொச்சியில் படகு நிறுத்தி வைத்திருப்பவர்கள், வெளிநாட்டில் ஓட்டிப் பழகியவர்கள் என்று நம்மில் சிலர் உண்டு. அவர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

பொள்ளாச்சி: அண்ணா, என்னோடது 36 அடிப் படகு. நானும் வீட்டுக்காரம்மாவும்தான் ஓட்டறோம். பாய் தைக்கிறவர் பின்காத்துக்கு 106 சதுர மீட்டர்ல ஸ்பின்னக்கர்ங்கற பெரிய பாய் போடலாம்னு சொல்றார். பெருசா இருந்தா நல்லதுதானுங்களே?

அந்த 106 எப்படி வந்தது என்று பாருங்க. தளத்திலிருந்து பாய்மரத்தில், பாயை ஏற்றும் கயிறு வரும் உயரம் ஐ. பாய்மரத்தடியிலிருந்து, மரத்தை முன்பக்கம் இழுத்துப் பிடிக்கும் முன்கம்பியின் அடி வரை ஜே. உங்க படகில் ஐ 14 மீட்டர், ஜே 4.2 மீட்டர் என்று வைத்துக்கொண்டு இரண்டையும் பெருக்கி, 1.8-ஆல் பெருக்கினால் அந்தக் கணக்குதான் வரும். அது ஆள் நிறைய இருக்கும் பந்தயப் படகின் முழு அளவு. இரண்டு பேருக்கு நான் 75-லிருந்து 85-க்குள் நிறுத்துவேன். நீர்க்கோடு, அதாவது தண்ணீர் மட்டத்தில் படகின் நீளம், 30 அடி உள்ள படகு 7 நாட் வேகத்துக்கு மேல் சுலபத்தில் ஓடாது (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). காற்று ஏறியபின் கூடுதல் துணி வேகம் தராது, இறக்கும்போது கையைத்தான் பதம் பார்க்கும். அப்புறம், பாயை மூடும் துணிக்குழாய் போடுவதாக இருந்தால் அது உச்சியில் சுருண்டு இடம் பிடிக்கும். அந்த நீளத்தை முன்விளிம்பில் இப்போதே கழிக்கச் சொல்லுங்க. இல்லாவிட்டால் கயிறு மரத்து உச்சியில் முட்டி நிற்கும், பாய் மட்டும் கீழே தொளதொளவென்று கிடக்கும்.

பல்லடம்: எங்க ஆடிக் காத்து மாதிரி அடிச்சா எப்ப இறக்கணுமுங்க?

காற்றாலை சுற்றுவதைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர் கேட்கும் கேள்விதான்! ஆனால் காற்றாலை நகராது, படகு நகரும். 15 நாட் காற்றில் நேர் பின்பக்கமாக 6 நாட் ஓடினால் தளத்தில் 9 நாட் மட்டும் தெரியும். சுகமாக இருக்கும், காபி கூடக் குடிக்கலாம். அதே வேகத்தில் படகைக் காற்றுக்குக் குறுக்கே திருப்பினால் தளத்தில் தெரியும் காற்று 16-ஐத் தாண்டும். விசை வேகத்தின் வர்க்கப்படி ஏறுவதால் பாயில் மூன்று மடங்குக்கும் மேல் சுமை. அதனால் தளத்தில் தெரிவதை நம்பாதீங்க, உண்மைக் காற்று 15-ஐத் தொடும்போதே இறக்க ஆரம்பியுங்க. பெரிய பாய் என்றால் 12-லேயே.

சோமனூர்: நம்ம தறியில ஓட்டற துணி ஆகாதுங்களா?

பாலியெஸ்டர் என்றால் இதற்கு வேண்டாம். மெயின்சேல் எனும் முதன்மைப் பாய்க்கு விறைப்பு வேணும், அங்கே அது சரி. பின்காற்றுப் பாய் திடீர் வீச்சில் கொஞ்சம் நீண்டு கொடுக்கணும், அதனால் ரிப்ஸ்டாப் நைலான், அதாவது கிழிசல் பரவாமல் இடையிடையே தடித்த இழை வைத்து நெய்தது. நெய்தால் மட்டும் போதாது. காற்று ஊடுருவாமல் இருக்க அழுத்தி, பூச்சு கொடுத்து முடிக்கணும். பாய்க்காரர் சொல்லும் அவுன்ஸ் சதுர கஜத்துக்கு அல்ல, 36-க்கு 28.5 அங்குலத் துண்டுக்கு. ஒரு அவுன்ஸ் என்றால் சுமார் 43 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 43 கிராம்). பொள்ளாச்சிக்காரர் படகுக்கு முக்கால் அவுன்ஸ் போதும், கனமான படகுக்கு ஒன்றரை.

ஈரோடு: கழி வைக்கிற சமச்சீர் பாயா, கழியில்லாததா?

கழி என்பது பாயின் மூலையை வெளியே தள்ளிப் பிடிக்கும் கோல். ஆள் குறைவென்றால் கழியில்லாதது. நேர் பின்காற்றில் மெயின்சேல் அதை மறைக்கும், கொஞ்சம் கோணம் வைத்து வளைந்து வளைந்து போங்க.

கோபி: பழைய பாய் மலிவா வருது, வாங்கலாமுங்களா?

முன்விளிம்பை டேப் வைத்து அளந்து, உங்க ஐ-யோடு ஒப்பிட்டபின் பேரம் பேசுங்க. வெயிலுக்கு எதிரே பிடித்தால் ஊசித்துளைகள் தெரியும். ஓரத்தை விரல்களால் இழுத்தாலே கிழிந்தால் விட்டுடுங்க, தைத்து மாளாது.