வற்றினால் பந்தாட்டம், பெருகினால் நீச்சல்

கேள்வி: கப்பலில் பணிபுரியும் என் மருமகன் குரோஷியாவின் ஸ்பிளிட் துறைமுகத்தில் இறங்கியபோது, இமோட்ஸ்கி என்னும் எல்லையோரச் சிற்றூரில் ஏரி வற்றியதும் அதன் தரையிலேயே கால்பந்து ஆடுவதாகக் கேள்விப்பட்டாராம். இது மெய்தானா?
(வாசகர் ஒருவர், திசையன்விளை)

பதில்: மெய்தான். பொஸ்னியா எல்லையை ஒட்டிய, மக்கள்தொகை பத்தாயிரத்தை எட்டாத அவ்வூரின் விளிம்பிலேயே நீல ஏரி இருக்கிறது. பனி உருகும் வசந்தத்தில் 90 மீட்டருக்கும் மேல் ஆழம் காணும் அந்த ஏரி, சில ஆண்டுகளில் கோடை முடியும்போது அடிவரை வற்றிவிடும். அப்போது ஊர் இளைஞர்கள் தேவதைகள் அணி, ஓநாய் மனிதர்கள் அணி என இரண்டாகப் பிரிந்து அதன் தரையில் மோதுவார்கள். நீர் நிற்கும் கோடைகளிலோ அதே பள்ளத்தில் ஊரே நீந்தும்.

இதற்கான காரணம் உங்களுக்குப் புதிதன்று. 2021 இறுதியில் பெய்த பெருமழையில் குளத்து வெள்ளம் நாள்கணக்கில் பாய்ந்தும் நிரம்பாத, உங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஆயன்குளம் கிணற்றை ஆராய்ந்த சென்னை ஐ.ஐ.டி. வல்லுநர்கள், நிலத்தடியில் உள்ள சுண்ணாம்புப் பாறைக் குகைகளே நீரை வாங்கிக்கொள்வதாக விளக்கினார்கள் அல்லவா? இமோட்ஸ்கியும் சுண்ணாம்புப் பாறைமீது அமைந்த ஊரே. மழைநீர் அந்தப் பாறையைக் காலங்காலமாகக் கரைத்துக் குகையாக்க, ஒருநாள் குகையின் கூரை இடிந்து விழுந்ததால் உண்டான பள்ளங்களே அங்குள்ள ஏரிகள்.

சற்றுத் தொலைவிலுள்ள சிவப்பு ஏரி இன்னும் வியப்பானது. இரும்புத் தாது கலந்து சிவந்த பாறைச்சுவர்கள் நீர்மட்டத்துக்கு மேல் 200 மீட்டருக்கும் அதிகமாகச் செங்குத்தாக நிற்க, விளிம்பிலிருந்து ஏரியின் அடிவரை மொத்த ஆழம் 500 மீட்டரைத் தாண்டுகிறது. காவன் என்ற செல்வந்தன் வீட்டில் ஏழைக்கு ஒருவேளை உணவு மறுக்கப்பட்டதால் அவனுடைய மாளிகை மண்ணுக்குள் புதைந்து இந்த ஏரி உண்டானது என்று அப்பகுதி மக்கள் கதை சொல்வார்கள்.

கேள்வி: எல்லையோர ஊர் மக்களுக்குப் பிழைப்பு என்ன? அங்கிருந்து பொஸ்னியாவுக்கும் போய்வரலாமா?
(வாசகி ஒருவர், பாளையங்கோட்டை)

பதில்: 1717-இல் துருக்கியரிடமிருந்து வெனிசியர் கைப்பற்றிய தோப்பானா கோட்டை இன்றும் நீல ஏரிக்கு மேலே நிற்கிறது; எல்லையைக் காக்கும் வேலையே ஒரு காலத்தில் அவ்வூரின் வாழ்க்கையாக இருந்தது. பின்னாளில், குஜுஞ்ஜுஷா என்ற உள்ளூர் வெள்ளைத் திராட்சை விளைந்தும் கரட்டு நிலம் எல்லோருக்கும் சோறு போடாததால், ஏராளமானோர் ஜெர்மனிக்கு வேலைக்குப் போனார்கள். வளைகுடாப் பணத்தில் எழும்பிய வீடுகளை நம் பக்கத்தில் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் விடுமுறைக்கு ஓட்டிவந்த மெர்சிடஸ் காருக்கு 2018-இல் ஊரில் கல்லிலேயே நினைவுச்சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். உழைத்து அனுப்பியவர்களை ஒரு சிற்றூர் இவ்வளவு வெளிப்படையாகப் பெருமைப்படுத்துவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அங்குள்ள விர்லிகா ஆறு நிலத்துக்குள் மறைந்து, எல்லைக்கு அப்பால் வேறு பெயருடன் வெளிப்பட்டு, கடைசியில் நெரெத்வா ஆற்றில் கலக்கிறது. மனிதர்களுக்கு அவ்வளவு எளிதன்று. ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் சென்றுவர வழிசெய்யும் ஷெங்கன் பகுதியில் 2023 முதல் குரோஷியா சேர்ந்துவிட்டது. பொஸ்னியா அதற்கு வெளியே இருக்கிறது. ஆகவே ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவுடன் போகிறவர்கள் எல்லையைத் தாண்டினால் அதே விசாவில் குரோஷியாவுக்குத் திரும்ப முடியாது.