ஆரம்பநிலைக் குரல்நாண் புற்றுநோய்: லேசரா, கதிர்வீச்சா, திரும்பி வந்தால் என்ன வழி?

ஒரு பக்கக் குரல்நாணில் ஆரம்பநிலைப் புற்றுநோய் இருப்பது பயாப்ஸியில் உறுதியான உங்கள் தந்தைக்கு லேசர் அறுவை நல்லதா, கதிர்வீச்சு நல்லதா, நோய் திரும்பினால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். முதலில் லேசரும், நோய் திரும்பியபின் கதிர்வீச்சும் பெற்றவன்.

குரல்நாணில் மிகச் சிறிய கட்டி தோன்றினாலும் குரல் கரகரத்துவிடுவதால், இந்நோய் பெரும்பாலும் முன்கூட்டியே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. குரல்நாணில் நிணநீர் நாளங்கள் மிகக் குறைவு என்பதால், ஆரம்பநிலையில் கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுவதும் அரிது. ஆகவே கீமோதெரபியோ, கழுத்தைத் திறந்து கணுக்களை அகற்றும் அறுவையோ பொதுவாகத் தேவைப்படுவதில்லை. ஒரே ஒரு சிகிச்சை போதும். நாண்கள் இயல்பாக அசையும், டி1 எனப்படும் முதல் நிலையில், எந்த முறையைத் தேர்ந்தாலும் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேருக்கு நோய் கட்டுப்பட்டுவிடுகிறது. அக்கம்பக்கம் பரவிய அல்லது அசைவு குறைந்த டி2 நிலையில் இது சற்றுக் குறையும்.

லேசர் அறுவையை முழு மயக்கத்தில், வாய் வழியாக, நுண்ணோக்கியின் துணையுடன் செய்கிறார்கள். வெளியே தழும்பு இராது, பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். வெட்டியெடுத்த திசுவின் விளிம்பில் நோய் எஞ்சியிருக்கிறதா என்று ஆய்வகம் பார்த்துச் சொல்வது இதன் பெரிய அனுகூலம். கதிர்வீச்சு வாரத்துக்கு 5 நாள் வீதம் ஏறக்குறைய 6 வாரம் நடக்கும், நாளொன்றுக்கு 2.25 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வீதம் 28 அமர்வுகளில் மொத்தம் 63 கிரே தருவது பரவலாகக் கையாளப்படும் ஓர் அளவு. இறுதி வாரங்களில் விழுங்கும்போது வலிக்கும், கழுத்துத் தோல் சிவக்கும், குரல் முன்பைவிட மோசமாகும்; சிகிச்சை முடிந்தபின் இவை மெல்ல மெல்லத் தணியும்.

எந்தச் சிகிச்சையில் குரல் நன்றாக இருக்கும் என்பதை மட்டும் வைத்துப் பலரும் முடிவெடுக்கிறார்கள். மேல் படலம் வரை மட்டுமே வெட்ட நேர்ந்தால் லேசருக்குப் பின்னும் குரல் நன்றாகவே இருக்கும்; தசை வரை வெட்டினால்தான் காற்று கலந்த குரலாகிவிடும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, முதல் சிகிச்சை தோற்றால் கையில் எது மிஞ்சும் என்ற கேள்விதான். லேசரை மீண்டும் செய்யலாம், கதிர்வீச்சையும் இருப்பில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கதிர்வீச்சை அதே இடத்தில் முழு அளவில் இரண்டாம் முறை கொடுப்பது பொதுவாக இயலாது. இதற்காக லேசர்தான் எல்லோருக்கும் என்று சொல்லமாட்டேன். இரு நாண்களும் முன்புறம் சேரும் முனையில் நோய் இருந்தாலோ, வாய் வழியாகக் கருவியைச் செலுத்தும்போது கட்டி முழுதாகக் கண்ணில் படாவிட்டாலோ, மயக்கமருந்து ஒத்துக்கொள்ளாத உடல்நிலை என்றாலோ, கதிர்வீச்சே பொருத்தமாக இருக்கலாம். எனவே அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர் இருவரையும் தனித்தனியே பார்த்துக் கேட்ட பிறகே முடிவெடுங்கள்.

எனக்கு நோய் திரும்பியதும் அந்த முன்முனையில்தான். குரல் மீண்டும் தடித்ததை வீட்டார் கவனித்தார்கள், பரிசோதனை அதை உறுதிசெய்தது. மீள்வரவு பெரும்பாலும் முதல் 2, 3 ஆண்டுகளில் நிகழ்வதால், முதல் ஆண்டில் 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறையும் பிறகு இடைவெளியைக் கூட்டியும் என்டோஸ்கோப் வழியே பார்க்கிறார்கள். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று இதைத் தள்ளிப்போடுவது அபாயம். புகைப்பழக்கத்தைத் தொடர்ந்தால் கதிர்வீச்சின் பலன் குறைகிறது, நுரையீரலிலோ உணவுக்குழாயிலோ புதிய புற்றுநோய் தோன்றும் வாய்ப்பும் கூடுகிறது.

கதிர்வீச்சுக்குப் பின் நோய் திரும்பினால் நிலைமை சிக்கலானது. வீக்கம் எது, கட்டி எது என்று பிரித்தறிவது கடினம். படலத்துக்கு அடியில் நோய் வளரக்கூடும் என்பதால் ஒரு பயாப்ஸியில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் சந்தேகம் நீங்கிவிடாது. சிகிச்சை முடிந்து குறைந்தது 3 மாதம் கழித்து எடுக்கும் பெட் ஸ்கேன் (புற்றுநோய்த் திசுவின் செயல்பாட்டைக் காட்டும் படம்) இங்கே உதவுகிறது. கட்டி சிறியதாக இருந்தால் லேசரோ, குரல்வளையின் ஒரு பகுதியை மட்டும் அகற்றும் அறுவையோ போதுமானதாகலாம். இயலாதபோது குரல்வளை முழுவதையும் அகற்றுவார்கள். கதிர்வீச்சு பட்ட திசு ஆறத் தாமதிக்கும். தையல் விட்டுத் தொண்டையிலிருந்து உமிழ்நீர் கசியக்கூடும் என்பதால், சிலருக்கு மார்புத் தசையைக் கொண்டுவந்து அங்கே பொருத்துகிறார்கள்.

முழுக் குரல்வளையும் அகற்றப்பட்டவர் கழுத்தில் அமைக்கும் துளை வழியாகவே வாழ்நாள் முழுதும் மூச்சுவிடுவார், ஆனால் பேச முடியாமல் போய்விடுவதில்லை. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே பொருத்தும் சிறிய வால்வைக் கொண்டோ, கழுத்தில் வைத்துப் பேசும் மின்கருவியைக் கொண்டோ பயிற்சியால் பேசலாம். அவருக்கு அவசர நேரத்தில் ஆக்சிஜன் தருவதானால் கழுத்துத் துளை வழியாகத்தான் தர வேண்டும் என்பதை வீட்டார் அனைவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.