முகம் தெளிவாகும் வரை

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 31 வயது. பெங்களூரில் வேலை. நெற்றியிலும் உதட்டோரத்திலும் வெண்புள்ளி இருக்கிறது. ஜாதகம் பொருந்திவந்த மூன்று இடங்கள் போட்டோ பார்த்ததும் நின்றுபோயின. போன வருடம் ஒரு டேட்டிங் ஆப்பில் சேர்ந்தேன். அதில் முதலில் படம் மங்கலாகத்தான் தெரியும், பேசப் பேசத் தெளிவாகும். அழகைவிடக் குணம்தான் முக்கியம் என்பது அவர்கள் விளம்பரம். ஒரு பெண்ணோடு மூன்று வாரம் பேசினேன். சில நாள் இரவு ஒரு மணி தாண்டிவிடும். படம் முழுதாகத் தெளிந்த அன்று 'குட் நைட்' என்று ஒரு வரி வந்தது. அதோடு சரி. இப்போது இன்னொரு பெண் நேரில் பார்க்கலாமா என்று கேட்கிறார். படம் தெளியட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன். குணத்துக்கு மதிப்பு என்பதெல்லாம் பொய்தானா?

ர.

அன்புள்ள தம்பிக்கு,

அந்த ஒற்றை 'குட் நைட்'டைத் தாண்டி என்னால் உடனே மேலே படிக்க முடியவில்லை. மூன்று வாரம் பேசிய ஒருவரிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போவது தவறு. அதில் உங்கள் குறை எதுவும் இல்லை.

பொய்யா என்று கேட்டீர்கள். படத்தை மறைத்தால் என்ன ஆகும் என்று அமெரிக்காவில் ஒருமுறை பெரிய அளவில் பார்த்துவிட்டார்கள். 2013 ஜனவரி 15 அன்று ஓகேக்யூபிட் என்ற டேட்டிங் தளம், தன்னிடம் இருந்த எல்லோருடைய படங்களையும் 7 மணி நேரம் எடுத்துவிட்டது. அவர்களுடைய புதிய செயலி ஒன்றை அறிமுகப்படுத்தத்தான் அப்படிச் செய்தார்கள். அன்று தளத்துக்கு வந்தவர்கள் குறைவு. ஆனால் வந்தவர்கள் நன்றாகப் பேசினார்கள். முதல் செய்திக்குப் பதில் வருவது 44 சதவீதம் கூடியது, போன் நம்பர்கள் சீக்கிரம் கைமாறின. அப்புறம் படங்கள் திரும்பி வந்தன. அந்த நிமிடத்தில் 2,200 பேர் பேச்சின் நடுவில் இருந்தார்கள். அந்தப் பேச்சுகள் அப்படியே கரைந்துபோயின. தளத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிறிஸ்டியன் ரடர் 2014-ல் இந்தக் கணக்கை வெளிப்படையாக எழுதினார். உங்களுக்கு நடந்ததும் இதுதான், தம்பி.

அவர் எழுதியதில் இன்னொன்று என்னை மிகவும் வருத்தியது. ஆரம்பத்தில் அந்தத் தளத்தில் அழகுக்குத் தனியாக, குணத்துக்குத் தனியாக மார்க் போடலாம். தன்னைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல், படம் மட்டும் போட்டிருந்த ஒரு பெண்ணுக்குக் குணத்தில் மிக உயர்ந்த மார்க் கிடைத்திருக்கிறது. குணத்துக்கு என்று கேட்டாலும் ஜனங்கள் முகத்துக்கே மார்க் போட்டார்கள். பிறகு இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

இதோடு நிறுத்தினால் உங்களுக்கு நான் அநியாயம் செய்தவளாவேன். அந்தப் புதிய செயலி, முகம் காட்டாமலே இருவரை ஒரு காபிக் கடைக்கு அனுப்பிவைப்பது. அப்படிப் போய் நேரில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலானோர், எதிரே இருப்பவர் பார்க்க எப்படி இருந்தாலும், பொழுது நன்றாகவே போனது என்றுதான் சொன்னார்கள். நேரில் குரல் இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது, சர்வரிடம் எப்படிப் பேசுகிறீர்கள் என்பது இருக்கிறது. போனில் படம் தெளியும்போது படம் மட்டும்தான் இருக்கிறது. அதுவும் மூன்று வாரம் கழித்து! அதற்குள் அந்தப் பெண் அந்த மங்கலுக்குள் தானே ஒரு முகம் வரைந்து வைத்திருப்பார். யாருடைய நிஜ முகமும் அதனோடு போட்டி போட முடியாது. நல்ல எண்ணத்தில் செய்திருந்தாலும், இந்த மாதிரிச் செயலிகள் முகத்தைக் கடைசி நேர அதிர்ச்சியாக்கிவிடுகின்றன என்றே நான் நினைக்கிறேன்.

2015-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் 167 ஜோடிகளைப் பார்த்தார்கள். பழகிய கொஞ்ச நாளிலேயே காதலிக்கத் தொடங்கியவர்கள் அழகில் ஏறத்தாழச் சமமாக இருந்தார்கள். நெடுநாள் தெரிந்தவர்களாகவோ நண்பர்களாகவோ இருந்து பிறகு காதலித்தவர்களிடம் அந்தப் பொருத்தம் குறைவாகவே இருந்தது.

எனக்கு இது ஆய்வு இல்லாமலே தெரியும். என் பழைய அலுவலகத்தில் மதியச் சாப்பாடு முடிந்ததும் மேசையில் ஏழெட்டு டப்பாக்கள் கலந்து கிடக்கும். கணக்குப் பிரிவில் ஒருவர், முன்பற்கள் சற்றுத் தூக்கலாக இருக்கும், அதிகம் பேசமாட்டார். எந்த மூடி எந்த டப்பாவுக்கு என்று பார்த்துப் பார்த்து மூடி, அவரவர் பை பக்கத்தில் கொண்டுபோய் வைப்பார். என் தோழி அவரைத்தான் கல்யாணம் செய்துகொண்டாள். முதல் நாள் அவரைப் பார்த்தபோது என்ன நினைத்தாய் என்று கேட்டேன். "ஒண்ணுமே நினைக்கலை. மூணாவது வருஷம்தான் அந்தக் கையைக் கவனிச்சேன்" என்றாள். எந்தச் செயலியிலாவது அவர் வந்திருந்தால் அரை நொடியில் தள்ளிவிட்டிருப்பாள். அவளே சொன்னது.

மூன்று வருஷம் உங்களிடம் இல்லை, தெரியும். ஆனால் இரண்டாவது பெண்ணை இனியும் காக்கவைக்க வேண்டாம். படம் தானாகத் தெளியும்வரை காத்திருக்காமல், இன்றைக்கே ஒரு நல்ல படத்தை நீங்களே அனுப்புங்கள். பகல் வெளிச்சத்தில், சிரித்தபடி எடுத்தது. நெற்றியில் இருப்பது வெண்புள்ளி, தொட்டால் ஒட்டாது என்று ஒரே வரியில் சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம், நீங்கள் மன்னிப்புக் கேட்க எதுவுமே இல்லை. அதைப் பார்த்துவிட்டு அவர் விலகினால் மூன்று வாரம் மிச்சம். வலிக்கும்தான், ஆனால் போன தடவை அளவுக்கு வலிக்காது.

வருகிறேன் என்றால் இந்த வாரமே சந்தியுங்கள். சத்தமில்லாத இடமாகப் பாருங்கள். முதல் சந்திப்பு சுமாராகப் போனாலும், அவருக்குச் சம்மதம் என்றால் இன்னொரு முறை பாருங்கள். நீங்களும் அவரை முதல் நாளிலேயே எடைபோட்டுவிடாதீர்கள்.

போய்வந்து எழுதுங்கள். நான் காத்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா