கப்பல் வெடிக்காத எபிசோட்

வணக்கம் அண்ணை,

நாங்கள் நாலு பெடியள் சேர்ந்து இரவில் லப்டொப்பில் விஞ்ஞானப் புனைவுத் தொடர்கள் பார்ப்பது வழக்கம். இப்போது 'பாட்டில்ஸ்டார் கலாக்டிகா' ஓடுகிறது. முதல் எபிசோட் '33' பார்த்த இரவு ஒருவருக்கும் நித்திரை இல்லை. ஆனால் மூன்றாம் பருவத்தில் ஒரு எபிசோட் முழுக்கக் கப்பலில் உள்ளவர்கள் கையுறை போட்டுக்கொண்டு குத்துச்சண்டை பிடிக்கிறார்கள், இடையிடையே பழைய காதலை நினைக்கிறார்கள். ஒரு கப்பல்கூட வெடிக்கவில்லை. ஓட்டி ஓட்டித்தான் பார்த்து முடித்தோம். சண்டைக்காகப் பார்க்கிற ஒரு தொடரை இப்படி ஆட்களைப் பற்றிய எபிசோட்கள் பலப்படுத்துமா, இல்லை இது காசு மிச்சம் பிடிக்கிற வேலையா?

க., பரந்தன்

அன்பின் தம்பி,

காசு மிச்சம் பிடிக்கிற வேலையும்தான். அதை முதலே ஒத்துக்கொள்கிறேன். தொண்ணூறுகளில் அமெரிக்கத் தொடர்களுக்கு ஒரு பருவத்தில் 26 எபிசோட் வரை எடுக்கவேண்டியிருந்தது. விண்கலச் சண்டை என்றால் காசு கரையும். அதனால் இடைக்கிடை, ஏற்கெனவே போட்ட செட்டுக்குள் இரண்டு பேரை இருத்திக் கதைக்க விடுவார்கள். 'பாட்டில் எபிசோட்' என்று அதற்குப் பெயரே உண்டு. மாதக் கடைசியில் எங்கள் வீட்டில் சொதியும் சம்பலும் மட்டும் வருகிற மாதிரி. ஆனால் சொதியை ருசியாக வைக்கிற கையும் இருக்கிறது. இங்கே அந்தக் கை ரொனால்ட் டி. மூருடையது. உங்கள் நித்திரையைக் கெடுத்த '33'ஐ எழுதியவர் அவர்தான்.

அந்த எபிசோட்டைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். மனித இனத்தில் மிச்சமானவர்களைத் துரத்துகிற சைலோன்கள் என்ற இயந்திர ஆட்கள் 33 நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறார்கள், கப்பல்கள் பாய்ந்து தப்புகின்றன, ஐந்து நாளாக இதே கதை. ஆனால் அதில் சண்டை எவ்வளவு நேரம் வருகிறது? பெரும்பாலும் கண் சிவந்து, ஒருவரில் ஒருவர் எரிந்துவிழுகிற, நித்திரையில்லாத முகங்கள்தான். உயிரோடிருப்பவர்களின் தொகையை ஜனாதிபதி ரொஸ்லின் ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார். தொடக்கத்தில் 50,298. அது இறங்கிக்கொண்டே போகிறது. கடைசியில் ஒரு குழந்தை பிறந்த செய்தி வர, ஒன்றைக் கூட்டி 47,973 என்று மாற்றி எழுதுகிறார். நிவாரண அட்டையோடு வாழ்ந்த எங்கள் சனத்துக்கு இந்தக் காட்சியை விளங்கப்படுத்தத் தேவையில்லை. செட்டிகுளம் முகாமில் இருந்தபோது ஒரே மாதத்தில் எங்கள் அட்டையில் அப்பாவின் பெயரை வெட்டி, தங்கச்சியின் பிள்ளையைச் சேர்த்தோம். ஆட்தொகை மாறவில்லை.

மூர் அதற்கு முன் 'ஸ்டார் ட்ரெக்'கில் இருந்தவர். அதில் 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரின் ஏழாம் பருவத்தில் இரண்டு எபிசோட்கள் இருக்கின்றன. உங்கள் கேள்விக்கு அவைதான் என் பதில். 1998 நவம்பரில் வந்தது 'த சீஜ் ஒஃப் ஏ.ஆர். 558'. ஐந்து மாதமாக முன்னரங்கில் கிடக்கிற படையினர், 150 பேரில் 43 பேர் மிச்சம். நொக் என்ற இளம் அதிகாரிக்குக் காது கூர்மை. அதனாலேயே அவனை வேவுக்கு அனுப்புகிறார்கள், ஒரு கால் போகிறது. சரி, போர்க்கதையில் கால் போகும். அந்தக் காலத்து மருத்துவத்தில் புதுக் கால் போடுவதும் பெரிய காரியமில்லை. அடுத்த வாரம் வந்து நிற்பான் என்றுதான் நாங்கள் நினைப்போம்.

ஒரு எபிசோட் விட்டு, டிசம்பர் கடைசியில் 'இட்ஸ் ஒன்லி எ பேப்பர் மூன்' வந்தது. திரைக்கதை மூர். புதுக் காலில் ஒரு குறையும் இல்லை என்று டொக்டர் சொல்கிறார். ஆனால் நொக் ஊன்றுகோலோடு நொண்டுகிறான், உளைகிறது என்கிறான். பிறகு, கணினி உண்டாக்குகிற ஒரு பொய் உலகத்துக்குள், 1962ஆம் ஆண்டு லாஸ் வேகாஸில் இருக்கிற ஒரு பாட்டுக் கூடத்துக்குள், போய்க் குடியிருக்கிறான். அந்த இல்லாத கடைக்குக் கணக்குப் புத்தகம் பார்க்கத் தொடங்குகிறான். தொடரின் பெரிய நடிகர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள், அவ்வளவுதான்.

இதை நான் மச்சானோடு இருந்து பார்த்தேன். அவனுக்கு 2008இல் இடது கால் போனது. இப்போது ஜெய்ப்பூர் காலோடு வயல் செய்கிறான். ஆங்கிலம் அவ்வளவு ஓடாது என்பதால் நான் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டு வந்தேன். டொக்டர் "காலில் ஒன்றுமில்லை" என்கிற இடத்தில் "நிப்பாட்டு" என்றான். நிப்பாட்டினேன். இல்லாத காலின் சின்னவிரல் இரவில் கடிக்கும், சொறியக் கை போனால் பாய்தான் படும் என்றான். எத்தனையோ வருடமாக ஒரே வளவுக்குள் இருக்கிறோம், எனக்கு அதுவரை இது தெரியாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, போடு" என்றான்.

அதற்குப் பிறகு வருகிற போர் எபிசோட்களை என்னால் பழைய மாதிரிப் பார்க்க முடியவில்லை. பின்வரிசையில் பெயரில்லாத ஒருவன் விழுந்தாலும் அவன் எங்கே போய்ப் படுப்பான், யார் பார்ப்பார்கள் என்று மனம் போகிறது. இப்போது பருவத்துக்கு எட்டோ பத்தோ எபிசோட்தான் எடுக்கிறார்கள். நொக் மாதிரி ஓரத்தில் நிற்கிற ஒருவனுக்கு முழு எபிசோட்டையும் தூக்கிக் கொடுக்க யாருக்கு மனம் வரும்?

இது வெள்ளைக்காரன் கண்டுபிடித்த உத்தியும் இல்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போயிருப்பீர்கள், கண்ணகி கதை தெரிந்திருக்கும். கோவலன் வெட்டுப்படுவதற்குச் சற்று முன்னால் சிலப்பதிகாரத்தில் என்ன நடக்கிறது? மாதரி கொடுத்த வீட்டில் கண்ணகி சமைத்து, குருத்து வாழையிலை விரித்து அவனுக்குச் சோறு போடுகிறாள். சாப்பிட்ட பிறகுதான் சிலம்பை எடுத்துக்கொண்டு போகிறான். மதுரை எரிகிற இடத்தைப் படிக்கும்போது எனக்கு அந்த இலைதான் ஞாபகம் வரும்.

அதற்காக ஆட்களைப் பற்றிய எபிசோட் எல்லாமே நல்லது என்று சொல்ல மாட்டேன். நீங்கள் பார்க்கிற தொடரிலேயே இரண்டாம் பருவத்தில் 'பிளாக் மார்க்கெட்' இருக்கிறது. போர் விமானியான லீ அடாமாவுக்குத் திடீரென்று ஒரு பாலியல் தொழிலாளியோடு உறவும், போரில் செத்துப்போன ஒரு காதலியும் முளைக்கிறார்கள். அதற்கு முன் அவர்களைப் பற்றி ஒரு சொல் கிடையாது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஆள் கேட்காமலே தன் கலியாணக் கதையைச் சொல்கிற மாதிரி. தொடரின் பொறுப்பில் இருந்த மூரே அது சரிவரவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். நொக்கின் கால் போனதை நாங்கள் பார்த்தோம். லீ இழந்ததை யார் பார்த்தது?

குத்துச்சண்டை எபிசோட் அந்த வகை இல்லை, தம்பி. நியூ கப்ரிகா என்ற கிரகத்தில் இறங்கி இருந்த காலத்தில் என்ன நடந்தது என்பதை ஒளித்து வைத்திருந்து அங்கேதான் அவிழ்க்கிறார்கள். ஓட்டிப் பார்த்ததில் உங்களுக்கு அது தப்பிவிட்டது. லீயின் தகப்பனும் கப்பலின் தளபதியுமான கிழவர் அடாமா, தனக்குக் கீழே வேலை செய்கிற சீஃப் டைரொலை வலிந்து மேடைக்குக் கூப்பிட்டு அடி வாங்குகிறார். வாங்கி முடிந்ததும் சுற்றி நிற்கிறவர்களிடம் என்ன சொல்கிறார் என்பதை மட்டுமாவது ஓட்டாமல் கேளுங்கள்.

'டீப் ஸ்பேஸ் நைன்' கிடைத்தால் நான் சொன்ன இரண்டையும் ஒரே இரவில் பாருங்கள். ஏழாம் பருவத்தில் எட்டாவதும் பத்தாவதும். நடுவில் உள்ள ஒன்பதாவதை வேண்டுமென்றால் ஓட்டிவிடுங்கள், நான் கோவிக்க மாட்டேன்.