கெமிக்கல் எடுக்கட்டும் அம்மா, ஆனால் காரணம் வேறாக இருக்கட்டும்

வணக்கம் அம்மா.

கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும் கட்-ஆஃப் கையில் இருந்தும், "கேஸ் டர்பைன் புகையிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கிற வேலைக்குப் போறேன், கெமிக்கல் என்ஜினீயரிங்தான் வேணும்" என்று மகள் பிடிவாதமாக நிற்பதாக எழுதியிருந்தீர்கள். கவுன்சலிங் தொடங்குவதற்குள் பதில் கேட்டீர்கள். கெமிக்கல் எடுக்கட்டும் என்பதுதான் என் பதில். கார்பன் பிடிப்பை மட்டும் நம்பி எடுக்க வேண்டாம்.

அவள் சொல்லும் வேலை என்ன என்று உங்களுக்கும் தெரிய வேண்டும். ராமநாதபுரம் பக்கம் வழுதூரில் இருப்பது போன்ற எரிவாயு மின்நிலையத்தில், டர்பைன் தாங்கும் அளவுக்குச் சூட்டைக் குறைக்க, எரிவதற்குத் தேவையானதைவிட மிக அதிகமான காற்றை உள்ளே செலுத்துவார்கள். அதனால் வெளிவரும் புகையில் கார்பன் டை ஆக்சைடு 4 சதவீதம் அளவுதான். நிலக்கரிப் புகையில் அது 12 முதல் 14 சதவீதம். ஆக, ஒரு டன் பிடிக்க இங்கே மூன்று மடங்கு புகையைக் கையாள வேண்டும். புகையைக் கரைசலால் கழுவும் கோபுரம் பெரிதாகும், செலவு ஏறும். புகையில் மிஞ்சும் ஆக்சிஜன், வாயுவைப் பிடிக்கும் அமீன் என்ற அம்மோனியா வகை ரசாயனத்தின் கரைசலையே மெல்லமெல்லக் கெடுத்துவிடும்.

அமீன் 40 டிகிரி அளவில் வாயுவைப் பிடித்துக்கொள்ளும். இன்னொரு கோபுரத்தில் 120 டிகிரிக்குச் சூடாக்கினால் விட்டுவிடும். அந்தச் சூட்டுக்கு வேண்டிய நீராவி, மின்சாரம் தயாரிக்கப் போக வேண்டிய நீராவி. பிடிக்கப் பிடிக்க மின்சாரம் குறையும். இந்த இழப்பைக் குறைப்பதற்காகவே பல பொறியாளர்கள் ஆயுளைச் செலவிடுகிறார்கள். எனக்கு இதன் மேல் பெரிய மரியாதை உண்டு.

இது புதுக் கனவும் அல்ல. அமெரிக்காவின் பெல்லிங்காமில் 1991 முதல் 2005 வரை, கேஸ் டர்பைன் புகையிலிருந்து நாளுக்கு 300 டன்னுக்கு மேல் பிடித்து உணவுத் தரத்தில் விற்றார்கள். ஆனால் ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் எரிவாயு நிலையத்துக்கான திட்டம், 2015இல் பிரிட்டிஷ் அரசு 100 கோடி பவுண்டு நிதியைத் திரும்பப் பெற்றதும் கைவிடப்பட்டது. அதே பிரிட்டனின் டீஸ்சைடில், ஆண்டுக்கு 20 லட்சம் டன் வரை பிடித்து வடகடலுக்கு அடியில் சேமிக்கும் 742 மெகாவாட் நிலையத்துக்கு 2024 டிசம்பரில் முதலீடு உறுதியானது. அரசு நினைத்தால் வேலை, நினைக்காவிட்டால் இல்லை. உங்கள் பயம் இந்த இடத்தில் நியாயமானது.

நம் நாட்டில் எரிவாயு நிலையங்கள் பலவும் எரிவாயு விலையால் பாதி நாள் சும்மா கிடக்கின்றன. அவள் பட்டம் வாங்கியதும் வழுதூரில் இந்த வேலை காத்திருக்காது. ஆனால் அந்தக் கோபுரம் வேறு இடங்களில் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் ஆன்லா, பூல்பூர் உர ஆலைகளில் 2006 முதல் எரிவாயு உலைப் புகையிலிருந்து வாயுவைப் பிடித்து யூரியா செய்கிறார்கள். தூத்துக்குடியில் ஒரு ரசாயன ஆலை, கொதிகலன் புகையிலிருந்து பிடித்ததைச் சலவைச் சோடாவாக்கும் திட்டத்தை 2016இல் தொடங்கியது. சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் இதே படிப்புதான். மாஸ் டிரான்ஸ்பரும் (வாயுவிலிருந்து கரைசலுக்குப் பொருள் மாறும் கணக்கு) தெர்மோடைனமிக்ஸும் (வெப்பத்தின் கணக்கு) கைவந்தவளுக்கு ஒரு கதவு மூடினால் மற்றது இருக்கும்.

அதனால் கவர்ச்சியான புதுப் பெயர் வைத்த பட்டங்கள் பக்கம் போக வேண்டாம். கிண்டி ஏ.சி. டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி), திருச்சி என்.ஐ.டி. போல ஆய்வகம் உள்ள இடத்தில் சாதாரண கெமிக்கல் போதும். ஆராய்ச்சிக்குப் போக விரும்பினால் பிறகு மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வு எழுதட்டும், ஐ.ஐ.டி. பம்பாயில் இதற்கென்றே தேசிய மையம் இருக்கிறது. தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் சாப்ட்வேரைவிடக் குறைவு. பெரிய கல்விக்கடன் வாங்கித்தான் படிக்க வேண்டுமென்றால் அந்தக் கணக்கை அவளோடு உட்கார்ந்து போடுங்கள். ஆலையில் ஷிப்ட் வேலையும் உண்டு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

இன்று இரவு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "அமீன் எதுக்கு? வெறும் தண்ணியில அந்த வாயு கரையாதா?" வாயு நீரில் எவ்வளவு கரையும் என்று சொல்லும் ஹென்றி விதியைப் பிளஸ் ஒன்னில் படித்திருப்பாள். தாளை எடுத்து உங்களுக்கு விளக்க உட்கார்ந்தாள் என்றால், சாய்ஸ் பட்டியலில் முதல் இடத்தில் கெமிக்கலைப் போடுங்கள்.