பையர் மெயிலில் வரும் ‘ரன்’: ஓடுவதா, ஓட்டுவதா?

கேள்வி: ராணிப்பேட்டையில் ஷூ ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சன்டைசிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் ஷூ வாங்கும் இத்தாலி பையரிடமிருந்து “சைஸ் 38 ரன்ஸ் ஸ்மால்” என்று மெயில் வந்தது. 38-ஐக் குறைந்த எண்ணிக்கையில் ஓட்டச் சொல்கிறார்கள் என்று நினைத்து உற்பத்தி லைனிலும் சொல்லிவிட்டேன். அது தப்பு என்கிறார்கள். அதே மெயிலில் “ரன்னிங் அவுட் ஆஃப் டைம்”, “ரன் இட் பை அவர் டெக்னீஷியன்” என்றும் இருந்தன. இந்தச் சொல்லை எப்படித்தான் புரிந்துகொள்வது?

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘ரன்ஸ் ஸ்மால்’ என்றால் ஷூவில் 38 என்று போட்டிருந்தாலும் காலில் மாட்டினால் அதைவிடச் சின்னதாக இருக்கிறது என்று பொருள். எண்ணிக்கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீங்கள் நினைத்த பொருளுக்கு அவர்கள் ‘எ ஸ்மால் ரன்’ என்று எழுதியிருப்பார்கள். அங்கே ‘ரன்’ பெயர்ச்சொல், ஒரு தடவை லைனில் ஓட்டும் உற்பத்தி. சொற்கள் இடம் மாறியதும் பொருளும் மாறிவிட்டது. நீங்கள் குழம்பியதில் ஆச்சரியமே இல்லை.

‘ரன்’ என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் ஆசிரியர்கள் 645 பொருள்களைப் பிரித்திருப்பதாக 2011-ல் செய்தி வந்தது. 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்ற சொல்தான் முதலிடத்தில் இருந்தது. அத்தனையையும் யாரும் மனப்பாடம் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

பழைய ஆங்கிலத்தில் இரண்டு வினைகள் இருந்தன. ‘ரின்னன்’ என்றால் தானாக ஓடுவது, நீர் போல ஒழுகுவது. ‘ஏர்னன்’ என்றால் ஓடச் செய்வது, குதிரையை ஓட்டுவது. அதாவது நம்முடைய ‘ஓடு’, ‘ஓட்டு’ போல ஒரு ஜோடி. காலப்போக்கில் ஆங்கிலம் இரண்டையும் ஒரே ‘ரன்’ ஆக்கிவிட்டது. நாம் இன்னும் பிரித்தே வைத்திருக்கிறோம், அது உங்களுக்குப் பெரிய வசதி. உங்கள் ஊரில் தோல் பதனிடும் ஷாப்புகளில் ரெசிப்பி தாளில் “ரன் 60 மினிட்ஸ்” என்று இருக்கும். தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் ஓடுகிறது, ஆள் ஓட்டுகிறார். அந்த ஒரு வரிக்குள் இரண்டும் அடங்கும். கம்பெனியை ‘ரன்’ பண்ணுவது, டெஸ்ட்டை ‘ரன்’ பண்ணுவது எல்லாம் ஓட்டு வகை.

ஓடு வகையில் நீரின் சாயல் நிறைய. குழாய், மூக்கு, சாயம் எல்லாவற்றுக்கும் ‘ரன்’ வரும். “த கலர் ரன்ஸ்” என்று பையர் எழுதினால் ஈரம் பட்டு லைனிங்கில் சாயம் இறங்குகிறது என்று அர்த்தம், உடனே கவனிக்க வேண்டிய புகார் அது. சாலைக்கும் எல்லைக்கோட்டுக்கும்கூட இதே சொல்தான். நாமும் மணல் மட்டும் தெரிகிற பாலாற்றை வேலூர் வழியாக ஓடுகிறது என்றுதானே எழுதுகிறோம்?

அப்புறம், உங்களைக் குழப்பிய வகை. “இப்ப தோல் என்ன விலை ஓடுது?” என்று கேட்கிறோம் இல்லையா? விலை எங்கும் ஓடவில்லை, பொதுவாக அந்த அளவில் இருந்துவருகிறது. ‘ரன்ஸ் ஸ்மால்’, ‘ரன்ஸ் லேட்’ எல்லாம் இந்தக் குடும்பம். ‘ரன்’ பக்கத்தில் சின்னது, பெரியது, தாமதம் போன்ற தன்மைச் சொல் நின்றால் இப்படிப் படியுங்கள்.

பின்னால் ஒட்டும் சின்னச் சொற்களை மட்டும் தனியாகத்தான் பழக வேண்டும், வேறு வழியில்லை. ‘ரன் அவுட் ஆஃப்’ என்றால் தீர்ந்துபோவது, ‘ரன் ஷார்ட்’ என்றால் பற்றாக்குறை. ‘ரன் இட் பை’ என்றால் அவரிடம் காட்டி அபிப்பிராயம் கேட்பது, அனுமதி வந்துவிட்டதாக அர்த்தமில்லை. உங்கள் பையர், நேரம் போய்க்கொண்டிருக்கிறது, எங்கள் டெக்னீஷியனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்கிறார். அவர் சரி சொல்லும்வரை கட்டிங் தொடங்காதீர்கள்.

பதில் எழுதும்போது ஒரு இலக்கணம்: “வி ரேன் அவுட்” சரி, “வி ஹேவ் ரேன் அவுட்” தப்பு, ‘ஹேவ்’ வந்தால் ‘ரன்’தான்.

38 விஷயத்தில் இன்றே இரண்டு கேள்வி அனுப்புங்கள்: நீளத்தில் குறைகிறதா, விரல்களுக்குப் பின்னால் பாதம் அகலமாக இருக்கும் இடத்தின் சுற்றளவில் குறைகிறதா? எத்தனை மில்லிமீட்டர்? ஐரோப்பிய அளவில் ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் நீளத்தில் சுமார் 6.67 மி.மீ. வித்தியாசம். அவர் நீளத்தில் 3 மி.மீ. என்றால் கிட்டத்தட்ட அரை நம்பர் குறைகிறது. அந்தப் பதிலோடு லாஸ்ட்டை, அதாவது ஷூ செய்யப் பயன்படும் கால் வடிவ அச்சை, அளந்து பார்க்கச் சொல்லுங்கள். லைனில் முன்பு சொன்ன எண்ணிக்கையையும் மறக்காமல் திருத்திவிடுங்கள்.