மெய்யியல் படித்தால் என்ன வேலை என்று கேட்ட தாய்க்கு

கடந்த கிழமை கண்டாவளைப் பக்கத்திலிருந்து ஒரு தாயும் மகளும் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டுக் கிளிநொச்சியில் என்னிடம் வந்திருந்தார்கள். தாயின் மடியில் ஒரு பிளாஸ்ரிக் கோவை. அதற்குள் மகளின் உயர்தரப் பெறுபேறு, கொழும்பிலுள்ள ஒரு தனியார் கல்வி நிறுவனத்தின் வர்ணக் கையேடு, வங்கியின் நகை அடகுச் சீட்டு ஒன்று. மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்துவிட்டு, "நீங்களே சொல்லுங்கள் சேர்" என்றார்.

அளவையியலில், அதாவது தர்க்கத்தில், ஏ, தமிழில் ஏ, புவியியலில் பி. பிள்ளை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் போய் மெய்யியலை, அதாவது தத்துவத்தை, சிறப்புப் பாடமாகப் படிக்க விரும்புகிறாள். கனடாவில் இருக்கும் தாய்மாமன் அதைக் கேட்டுச் சிரித்தாராம். கொழும்பில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரில் நடக்கும் முகாமைத்துவப் பட்டத்தில் சேர்த்துவிடுங்கள், பாதிச் செலவு என்னுடையது என்று சொல்லியிருக்கிறார். மாமிமாரும் அதையே சொல்கிறார்கள்.

பயப்படாதீர்கள் அம்மா, பிள்ளை நன்றாகத்தான் செய்திருக்கிறாள் என்று தொடங்கினேன். ஆனால் அந்த அடகுச் சீட்டைப் பார்த்த பிறகு ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க மனம் வரவில்லை. அன்று அவரிடம் சொன்னவற்றையும், நேரம் போதாமல் விட்டவற்றையும் அவருடைய சம்மதத்துடன் இங்கே எழுதுகிறேன். இதே கோவையுடன் வேறு வீடுகளிலும் ஆட்கள் யோசித்துக்கொண்டிருப்பார்கள்.

முதலில் காசு. கையேட்டில் முதலாம் ஆண்டுக் கட்டணம் மட்டும் 6 இலட்சம் ரூபாய். மூன்று வருடங்கள். அறை வாடகை, சாப்பாடு, போக்குவரத்து வேறு. மாமாவின் பாதி போக மிச்சத்துக்கு, 3 ஏக்கர் வயலை மூன்று வருடக் குத்தகைக்குக் கொடுத்து முற்பணம் வாங்கத் தகப்பன் பேசியிருக்கிறார். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வேண்டாம். அது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரக் காணி. வீட்டின் வருடச் சோறு அதிலிருந்துதான் வருகிறது. கீழே ஒன்பதாம் ஆண்டில் ஒரு தம்பி படிக்கிறான். இரண்டாம் வருடத்தில் மாமாவுக்கு அங்கே வேலை நின்றால் பாதிப் படிப்பை என்ன செய்வது? அவர் நல்ல மனிதர், அன்போடுதான் சொல்கிறார். ஆனால் நல்ல மனிதருக்கும் வேலை போகும்.

அடுத்தது மாமாவின் நியாயம். அவருடைய நண்பரின் மகன் அந்தப் பட்டம் படித்தான், அவனுக்கு வங்கியில் உத்தியோகம் கிடைத்தது, ஆகவே இவளுக்கும் கிடைக்கும். இதை நான் பிள்ளையிடமே கேட்டேன்: "அளவையியலில் ஏ எடுத்திருக்கிறாய், இதில் பிழை எங்கே?" அவள் தாயைப் பார்த்தாள், பிறகு தயங்கித் தயங்கிப் பிழையைச் சொன்னாள். அதை நான் தாய்க்கு இப்படி விளக்கினேன். மணிமேகலையின் 29 ஆம் காதையில் அனுமானத்துக்கு ஓர் உதாரணம் வரும். இம்மலை நெருப்புடையது என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டியது. புகை இருப்பதால் என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களை போல என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. அடுக்களையைக் காட்டினால் மட்டும் மலையில் நெருப்பு இருப்பதாகிவிடாது, மலையில் புகை தெரிய வேண்டும். நண்பரின் மகனுக்கு எது புகை? அந்தப் பட்டமா? அல்லது அவன் கொழும்பிலேயே பிறந்து, ஆங்கில மொழிமூலம் படித்து, வங்கியில் வேலை செய்யும் தகப்பனுக்குப் பிள்ளையாக இருந்ததா? இந்தப் பிள்ளையிடம் அந்தப் புகை இல்லை. அவளிடம் இருப்பது வேறு.

தாய் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இப்படிக் கேள்வி கேட்கத்தான் அந்தப் படிப்பா?" என்றார். ஆம் அம்மா, இப்படிக் கேட்கத்தான்.

மற்றப் படிப்புகளைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. வைத்தியம், பொறியியல், கணக்கியல் எல்லாவற்றுக்கும் வழி சொல்ல ஒவ்வொரு சந்தியிலும் ஆள் இருக்கிறார்கள். மெய்யியலைப் பற்றிச் சொல்லத்தான் ஆள் இல்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் படிப்பு என்றே பெற்றோர்கள் அதை நினைக்கிறார்கள். இரணைமடுக் குளத்தின் தண்ணீரில் வயல் செய்யும் குடும்பத்துக்கு அதை விளக்குவது கஷ்டமில்லை.

சிறுபோகத்துக்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு அந்தத் தகப்பன் வருடம் தவறாமல் போகிறவர். குளத்தில் இருக்கும் நீர் எல்லா வயலுக்கும் போதாது. யாருக்கு எவ்வளவு? குளத்திலிருந்து நீரைத் திறந்துவிடும் மதகான துருசுக்குக் கிட்ட இருக்கும் வயல்களுக்கே நீரைக் கொடுத்தால் வாய்க்காலில் வீணாகும் நீர் குறைவு, மொத்தத்தில் கூடுதலான மூடை நெல் வரும். பெரும்பாலோரின் பெரும் நன்மையே அளவுகோல் என்ற ஆங்கிலேய மெய்யியலாளர்கள் பெந்தாமும் மில்லும் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் பேசியிருப்பார்கள். ஆனால் வாய்க்காலின் கடைசியில், வால்பகுதியில் வயல் உள்ளவன் எழும்பிக் கேட்பான்: நான் செய்த குற்றம் என்ன? ஜோன் றோல்ஸ் என்ற அமெரிக்க மெய்யியலாளர் 1971 இல் இதற்கு ஒரு சோதனையை முன்வைத்தார். உனக்கு எந்த இடம் கிடைக்கும் என்று தெரியாத நிலையில் விதியை எழுது. உன் வயல் துருசடியிலா வாலிலா என்று தெரியாவிட்டால் எந்தப் பங்கீட்டுக்கு நீ சம்மதிப்பாய்? இலங்கையின் குளங்களில் இதற்கு ஒரு பழைய விடையும் உண்டு. நீர் குறைந்த வருடத்தில் துருசுக்குக் கிட்டிய நிலத்தை எல்லா விவசாயிகளுக்குமாகப் பங்கிட்டுச் செய்கை பண்ணுவது. சிங்களத்தில் அதைப் பெத்ம என்பார்கள். நீரும் வீணாகாது, வால்பகுதிக்காரனும் வெறுங்கையோடு போகமாட்டான்.

இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது நடந்ததை எல்லாரும் அறிவோம். ஒரு பக்கம் கிணற்று நீர் கெட்டுப்போன குடும்பங்கள், மறுபக்கம் இந்த நீரை நம்பியே வயல் செய்யும் குடும்பங்கள். கடைசியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் தாளையடியில் கட்டப்பட்டு 2024 இல் திறக்கப்பட்டது. அந்த வருடங்களில் பொறியியலாளர்களுக்குக் குழாய் போடத் தெரியாமல் இருக்கவில்லை. தாகத்துக்கா பயிருக்கா முன்னுரிமை, முன்பிருந்தே பயன்படுத்துகிறவனுக்கு எவ்வளவு உரிமை, இதைத் தீர்மானிக்க வேண்டியவர் யார் என்ற கேள்விகளைப் பிரித்து எடுத்து, இரண்டு பக்கமும் ஏற்கும் மொழியில் மேசையில் வைக்கத் தெரிந்த ஆட்கள் நம்மிடம் குறைவாக இருந்தார்கள். ஒழுக்கவியலும் சமூக மெய்யியலும் படித்தவரின் வேலை அது. அவர்கள் வன்னியிலிருந்தே வந்தால் துருசு என்றால் என்ன என்று யாரும் அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பல்கலைக்கழகத்தில் இவற்றோடு அளவையியல், அறிவாராய்ச்சியியல், இருப்பின் அடிப்படையை ஆராயும் பௌதிகவதீதம், அழகியல், இந்திய மெய்யியல், சைவசித்தாந்தம் எல்லாம் வரும். சிலது கடினம், சிலது சலிப்பும் தரும். பொதுப் பட்டம் மூன்று வருடம், சிறப்புப் பட்டம் நான்கு வருடம். சிறப்புக்குப் போக முதலாம் ஆண்டில் நன்றாகச் செய்ய வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்ததோடு எல்லாம் முடிந்தது என்று இருக்க முடியாது.

இனிப் பிள்ளையின் விருப்பம். அவளைத் தனியாக இருத்திக் கேட்டேன், ஏன் இந்தப் பாடம்? அவள் ஒரு கொப்பியை எடுத்துக் காட்டினாள். அவளுடைய சின்னம்மாவின் கணவரை 2009 இலிருந்து காணவில்லை. 2016 இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, இப்படிப்பட்ட குடும்பங்கள் மரணச் சான்றிதழ் எடுக்காமல், ஆளைக் காணவில்லை என்று உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெறலாம். எதை எடுப்பது, எதுவுமே எடுக்காமல் விடுவதா என்று சின்னம்மா வருடக்கணக்கில் தத்தளித்திருக்கிறார். வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நியாயம் சொல்லி அழவைத்திருக்கிறார்கள். இவள் பதினாறு வயதில் கொப்பியின் நடுவில் கோடு போட்டு எழுதியிருக்கிறாள். ஒரு பக்கம்: "வங்கிக் கணக்கு, காணி, தம்பியின் பாடசாலை அனுமதி." மறுபக்கம்: "கையெழுத்து வைத்தால் சித்தப்பாவை நானே இல்லையென்று சொன்னதாகுமா?" அதற்குக் கீழே, வேறு நிற மையில்: "சான்றிதழ் சொல்வது வேறு, சின்னம்மா நம்புவது வேறு. முதலாவதை எடுத்தால் இரண்டாவதை விட்டதாகாது." பிறகு சின்னம்மா காணவில்லை என்ற சான்றிதழுக்கு விண்ணப்பித்தாராம்.

அந்த வரிகளை நான் இரண்டு தடவை வாசித்தேன். ஒரு பத்திரத்தின் பொருளையும் ஒரு மனைவியின் நம்பிக்கையையும் பிரித்துப் பார்த்து, இரண்டையும் மதித்து, முடிவை உரியவரிடமே விட்டிருக்கிறாள். பாடப்புத்தகத்தில் இதைப் பிரயோக ஒழுக்கவியல் என்பார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் இதைச் செய்யும் ஒரு பிள்ளையை விற்பனை இலக்குகளைப் பற்றிப் படிக்க அனுப்ப நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். இதே விருப்பம் இல்லாத பிள்ளைக்கு மெய்யியலைச் சொல்லவும் மாட்டேன். வேறு பாடம் கிடைக்கவில்லை என்று அதில் போய் விழுந்து நான்கு வருடம் பாழாக்கியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

வேலை? பொய் சொல்லமாட்டேன் அம்மா. 2017 இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தின் முன் மாதக்கணக்கில் இருந்ததை மறக்கவில்லை. கலைப்பட்டம் மட்டும் கையில் இருந்தால், அரசாங்கம் ஆள் எடுக்கும் நாளைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் மெய்யியல் பட்டதாரிக்குச் சில கதவுகள் நெருக்கமானவை. உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞான முறையும் கற்பிக்க அந்தப் பாடத்தை முறையாகப் படித்த ஆசிரியர் வேண்டும். ரியூசன் குறிப்பை மட்டும் நம்பி அந்தப் பாடம் எடுக்கும் பிள்ளைகளை எங்கள் பக்கத்தில் நிறையச் சந்திக்கிறேன். நிர்வாக சேவைப் போட்டிப் பரீட்சைக்கு எந்தப் பட்டமும் போதும். அதில் நுண்ணறிவு வினாக்கள் வரும், நான்கு வருடம் வாதங்களைப் பிரித்துப் பழகிய பிள்ளைக்கு அது அந்நியமாக இருக்காது. சட்டத்தில் ஆசை வந்தால் பட்டத்துக்குப் பிறகும் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை எழுதலாம். 1988 ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்த மத்தியஸ்த சபைகளில் காணிச் சண்டையும் கடன் சண்டையும் பேசித் தீர்க்கப்படுகின்றன. சபையில் இருப்பது சம்பள உத்தியோகம் இல்லை, ஆனால் அங்கே தேவைப்படும் திறமைக்குச் சம்பளம் கொடுக்கும் இடங்கள் உண்டு. உதவி நிறுவனங்களில் மக்களின் முறைப்பாடுகளை விசாரிப்பதும், ஆய்வுகளில் கிராமத்தவரின் சம்மதம் முறையாகப் பெறப்பட்டதா என்று பார்ப்பதும் அப்படிப்பட்ட வேலைகள்.

இதற்கு இரண்டு நிபந்தனை வைக்கிறேன். சிங்களம், ஆங்கிலம். பெறுபேறு வந்து பல்கலைக்கழகம் தொடங்கும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். அந்த மாதங்களைத் தொலைக்காட்சிக்குக் கொடுத்தால் பிறகு நான் சொன்ன கதவுகளில் பாதி மூடிவிடும். அடகு வைத்த நகையை மீட்க யோசியுங்கள். முழுவதையும் மீட்ட பிறகு மொழி வகுப்புக்கு ஒரு சின்னத் தொகை ஒதுக்குங்கள், அது போதும்.

பல்கலைக்கழகத்தில் கற்பித்தலுக்குக் கட்டணம் இல்லை. கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்தில் 1945 இல் வந்த இலவசக் கல்வி இன்னும் இருக்கிறது. மகாபொல உதவித்தொகை கிடைத்தால் மாதம் ஒரு தொகை வரும், 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அது 7,500 ரூபாயாக இருந்தது. அது சாப்பாட்டுக்கே போதாது, தெரியும். விடுதி கிடைக்காத காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்தில் அறைக்கும் கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்து மாதாமாதம் எவ்வளவு அனுப்ப முடியும் என்று இப்போதே தாளில் எழுதிப் பாருங்கள். மாமாவுக்கு உதவ விருப்பமிருந்தால் அந்த மாதக் காசில் ஒரு பங்கைக் கேளுங்கள். பாதிக் கட்டணத்தைவிட மிகக் குறைவு, இடையில் நின்றாலும் படிப்பு நிற்காது.

மாமி ஒருவர், "பெண்பிள்ளை இப்படி வாதாடப் பழகினால் கல்யாணச் சந்தையில் யார் எடுப்பார்கள்" என்று கேட்டாராம். இதற்கு நான் பதில் சொல்லத் தேவையில்லை. சான்றிதழ் விடயத்தில் அந்த வாதம் யாருக்கு உதவியது என்று சின்னம்மாவிடம் கேட்கட்டும்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல் வந்ததும், எந்தப் படிப்பு முதலில் வேண்டும் என்ற விருப்ப ஒழுங்கைப் பிள்ளையே தீர்மானித்து நிரப்ப வேண்டும். மாமா தொலைபேசியில் சொல்லச் சொல்ல வேறொருவர் நிரப்பக் கூடாது. புள்ளியோடு அந்த ஒழுங்கையும் பார்த்துத்தான் ஆணைக்குழு இடம் ஒதுக்கும், பிறகு நினைத்தபடி மாற்ற இடமில்லை.

தகப்பன் அன்று வரவில்லை. வயலில் பசளை போடும் நாள். வருகிற செவ்வாய்க்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். குத்தகைக்காரர் புதன்கிழமை பத்திரம் எழுத வருகிறாராம். அதற்கு முதல்நாள் வந்தால் போதும்.